அடையாறு தந்த அம்மையார்

அடையாற்றுக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒரு குடும்பத்தைப் பற்றி இந்தத் தீவுகளில் யாரேனும் சொன்னால், எதற்காக என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. அபர்தீன் கடைத்தெருவிலும் சரி, ஜங்கிலிகாட் மீன்துறையிலும் சரி, தமிழர் நாவில் அடையாறு என்றால் அது சென்னையின் ஒரு பகுதி அன்று; புற்றுநோய் மருத்துவமனை. ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லும் நம்மில் எத்தனை பேர் அதை எழுப்பிய அம்மையாரை அறிவோம்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று பள்ளிப் பாடத்தில் இரண்டு வரி படித்தோம், தேர்வு எழுதினோம், மறந்தோம். அந்த அம்மையார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறருக்காகக் கேட்பதிலேயே கழித்தார். எதைக் கேட்டார், யாரிடம் கேட்டார் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மன்னர் கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கமுடைய குலத்தில் வந்தவர். இந்தத் திருமணத்தை அக்காலச் சமூகம் எந்தக் கண்ணால் பார்த்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை. அறிஞர் வீட்டுப் பிள்ளை என்ற பெருமையும், இன்ன குலத்துப் பெண்ணின் மகள் என்ற ஏளனமும் ஒரே முற்றத்தில் அவருக்குக் கிடைத்தன. பெண்ணுக்குப் பள்ளிப் படிப்பே மிகுதி என்று எண்ணிய காலத்தில், அவர் கல்லூரியில் சேர விரும்பினார். புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் பயிலும் கல்லூரி ஒன்றுதான். பெண் ஒருத்தி வந்து அமர்ந்தால் பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். அங்கே படிப்பை முடித்து, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று மருத்துவரானார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிகளுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று முன்கூட்டியே கேட்டு, ஒப்புதல் பெற்ற பிறகே மணந்தார். நம் வீடுகளில் இன்றும் பெண் பார்க்க வருகிறவர்கள்தாமே கேள்விகளையெல்லாம் கேட்கிறார்கள்!

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இனிச் சொல்வது அப்படிப்பட்டதன்று.

அம்மையாருக்குச் சுந்தராம்பாள் என்றொரு தங்கை இருந்தார். அக்கா தம் சொந்தக் குழந்தையைப் போல வளர்த்துப் படிக்கவைத்த தங்கை. அவருக்கு உடல்நலம் குன்றியது. வயிற்றுக்கடுப்பு என்று எண்ணி நெடுநாள் மருத்துவம் பார்த்தார்கள். உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்று. தெரிய வந்தபோது நோய் முற்றியிருந்தது. அக்காவோ பதக்கங்கள் பெற்ற மருத்துவர். அவருடைய கணவரும் மருத்துவர். நண்பர்களில் பலர் நகரின் பெரிய மருத்துவர்கள். இத்தனை பேர் சூழ நின்றும் நோயாளியின் வலியைக்கூட முழுதும் தணிக்க இயலவில்லை. 1923-இல் தங்கை இறந்தார். அந்தப் படுக்கையருகே இருந்த நாட்கள் தம்மை விட்டு ஒருபோதும் அகலவில்லை என்று அம்மையார் பிற்காலத்தில் எழுதினார். மருத்துவர் வீட்டுப் பெண்ணுக்கே இக்கதி என்றால், கூலிக்காரர் வீட்டுப் பெண்ணின் கதி என்ன? அம்மையாரின் மனம் இந்தக் கேள்விக்குப் போனதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தம் துயரத்திலேயே தங்கிவிடுவது எவருக்கும் எளிது.

1925-இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் படிக்கச் சென்றவர், அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையையும் பார்த்தறிந்தார். அந்த மருத்துவமனைக்கும் ஒரு கதை உண்டு. வில்லியம் மார்ஸ்டன் என்னும் மருத்துவர், தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தபின், ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்ய 1851-இல் தொடங்கியது அது. நம் நாட்டிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931-இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவர் நினைவின் தொடர்பாகவே டாட்டா அறக்கட்டளையின் பணத்தில் பம்பாயில் 1941-இல் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. மனைவியை இழந்த மருத்துவர் ஒருவர், மனைவியை இழந்த செல்வர் ஒருவர், தங்கையை இழந்த அக்கா ஒருவர். ஆனால் அக்காவிடம் டாட்டாவின் செல்வம் இல்லை. அதனால்தான் அவர் கேட்க வேண்டியிருந்தது.

தாயகம் திரும்பியதும் பொதுப்பணி அவரை இழுத்துக்கொண்டது. மாதர் சங்கத்தாரின் வற்புறுத்தலால் சென்னைச் சட்டமன்ற மேலவையில் நியமனம் பெற்று, அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டத்தின் முதற்பயன் 1929-ஆம் ஆண்டுச் சட்டம்; முழுப்பயன் 1947-இல்தான் கிடைத்தது. அந்த வழக்கத்தைக் கலையென்றும் மரபென்றும் சொல்லிக் காக்க முயன்றவர்கள் படித்தவர்கள், செல்வாக்குள்ளவர்கள். தம் தாயின் குலத்தைப் பற்றியே பேரவையில் நின்று பேச எத்தனை மனத்திண்மை வேண்டும்! 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். அதே காலத்தில் ஆதரவற்ற பெண்களுக்காகத் தம் வீட்டிலேயே அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். இவற்றைப் பற்றித் தனி நூல்களே எழுதலாம். நான் மருத்துவமனைக்குத் திரும்புகிறேன்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1935-இல் நூற்றாண்டு விழாக் கொண்டாடியது. பழைய மாணவர்கள் கூடிப் பழங்கதை பேசி மகிழும் அந்த விழாவில், தென்னாட்டுக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று அம்மையார் கேட்டார். கேட்ட செய்தி காற்றில் போயிற்று. போர் வந்தது, விடுதலை வந்தது. அறுபது வயதைத் தாண்டிய அம்மையார் மறுபடியும் கேட்டார். புதிய அரசினரிடமிருந்து அவருக்குக் கிடைத்த மறுமொழி இன்றும் அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்களால் நினைவுகூரப்படுகிறது. புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்பது அதன் கருத்து.

நண்பர்களே, அந்த மறுமொழியைக் கொடியவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கையில் இருக்கும் பணம் சிறிது. காலராவும் காசநோயும் ஆயிரமாயிரமாகக் கொன்றுகொண்டிருந்த நாடு. பிழைக்கக்கூடியவனுக்குச் செலவிடுவதா, பிழைக்காதவனுக்குச் செலவிடுவதா என்று கணக்குப் போட்டவர்கள் அப்படித்தான் விடை கண்டிருப்பார்கள். அம்மையார் அந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் பிழை கண்டார். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பலர் பிழைப்பர் என்பது ஒன்று. பிழைக்காதவருக்கும் வலி உண்டு என்பது மற்றொன்று. இரண்டாவதை அவர் நூலில் படித்தவர் அல்லர். தங்கையின் படுக்கையருகே கண்டவர்.

அரசு தரவில்லையென்று அவர் அரசைக் கேட்பதை நிறுத்தவில்லை. அதே வேளையில் மக்களிடமும் கேட்டார். இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. சங்கத்துப் பெண்மணிகள் செல்வர் மாளிகைகளையும் சாதாரணக் குடும்பங்களையும் ஒருங்கே நாடினர். அணாக்கணக்கு 1957-இல்தான் மாறியது. ஆகவே அந்த நிதியில் சேர்ந்தவை அணாக்களும் ரூபாய்களும். புற்றுநோய் தொற்றும் என்று அஞ்சி, நோயாளி பயன்படுத்திய பாத்திரத்தைத் தொடவும் கூசிய காலம் அது. அந்த நோயின் பெயரைச் சொல்லி ஒரு வீட்டு வாயிலில் நிற்பதே துணிச்சல்தான்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பண்டித நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பட்டது. என்ன திறந்தார்கள்? எளிய குடில்களில் பன்னிரண்டு படுக்கைகள். மருத்துவரோ அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. வெளிநாடு சென்று புற்றுநோய் மருத்துவம் பயின்று வந்தவர். அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா என்னும் இளம்பெண் வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் கிடைத்த பணியை விட்டுவிட்டு அங்கே வந்தவர் அவர். விஞ்ஞானி சர் சி. வி. இராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை அறிவியல் மாணவர்களாகிய நாம் ஒரு சிறு பெருமையோடு குறித்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு படுக்கைகளுக்குப் பிறகு வந்தது இயந்திரம். இங்கே என் பாடத்தைக் கொஞ்சம் பேச இடம் கொடுங்கள். நான் கடலுயிரியல் மாணவிதான், என்றாலும் கதிரியக்கம் எல்லார்க்கும் பொது. கோபால்ட் 60 என்னும் கதிரியக்கப் பொருளை வைத்து நோயாளிக்கு மருத்துவம் செய்யும் முறை கானடாவில் 1951-இல்தான் தொடங்கியது. அங்கு முதலில் பயன்பட்ட எல்டொராடோ என்னும் இயந்திரத்தின் வகையைச் சேர்ந்த ஒன்று, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அடையாற்றுக்கு வந்துவிட்டது! ஆசியாவிலேயே அதுதான் முதலாவது என்று போற்றப்படுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயால் அந்நாளில் நம் ஏழைப் பெண்கள் பெருவாரியாக வாடினர். அறுவையால் தீராத நிலையில் வருபவர்களுக்குக் கதிர்வீச்சே நம்பிக்கை.

ஆனால் கோபால்ட் ஒரு விளக்கைப் போன்றது; எரிய எரிய எண்ணெய் குறையும். அதன் அரை ஆயுள் ஐந்தே கால் ஆண்டுகள். மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைந்துகொண்டே வரும். ஆற்றல் குறையக் குறைய ஒவ்வொரு நோயாளியையும் கூடுதல் நேரம் கிடத்த வேண்டும்; வரிசை நீளும்; பிறகு புதிய கோபால்ட்டே வாங்க வேண்டும். ஆகையால், இயந்திரத்துக்காக ஒருமுறை நிதி திரட்டிவிட்டு ஓய்ந்திருக்க வழியில்லை. மாலையும் மரியாதையுமாகத் திறப்பு விழா நடத்துபவர்கள் இதை அறிவதில்லை. அம்மையாரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அறிந்திருந்தார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. கதிர்களை ஒரே நாளில் கொட்டிவிட முடியாது. நல்ல செல்லும் தாங்காது. ஆகவே சிறு அளவாகப் பிரித்து, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வாரம் கொடுக்கிறார்கள். இடையே கிடைக்கும் நேரத்தில் நல்ல செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. நோயாளி நடுவில் பல நாள் நிறுத்திவிட்டால், புற்றுச் செல்களும் அந்த ஓய்வில் பெருகிவிடும். பட்ட துன்பம் வீணாகும். அப்படியானால் அந்த ஆறேழு வாரமும் நோயாளி எங்கே தங்குவார்? என்ன உண்பார்? துணைக்கு வந்தவரின் கூலி என்னவாகும்? இயந்திரத்தின் விலைக்குள் இவை அடங்கா. சோறும் பாயும் இல்லாமையால் பாதியில் ஊர் திரும்பும் நோயாளிக்கு, ஆசியாவின் முதல் இயந்திரம் இருந்தும் இல்லாததே. அடையாற்றில் ஏழைகளிடம் கட்டணம் வாங்காமலும், வாங்கினால் இயன்ற அளவே வாங்கியும் மருத்துவம் செய்வது என்ற கொள்கையைத் தொடக்கத்திலேயே வகுத்தார்கள். அது இரக்கத்தினால் மட்டும் வகுத்ததன்று. மருத்துவம் முடிவதற்கே அதுதான் வழி.

நம் தீவுகளுக்கு இந்தச் செய்தி இன்னும் நெருக்கமானது. என் தாத்தா இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அன்று அவர் கடந்து வந்த அதே ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடலைத்தான் நோயாளிகள் திரும்பக் கடக்கிறார்கள். கப்பலில் இரண்டரை நாளோ மூன்று நாளோ. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை சென்னைக்குச் சென்று ஆறு வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று வந்தார். சிகிச்சைக்கு அரசு உதவி கிடைத்தது. குடும்பம் கடனில் விழுந்தது வேறு செலவால்: வாடகை அறை, இரண்டு பேர் சாப்பாடு, ஆட்டோ, இரண்டு மாதம் வேலைக்குப் போகாத மகனின் சம்பளம். அத்தை இன்று நலமாக இருக்கிறார். மாலையில் வாசலில் அமர்ந்து எங்கள் படிப்பை விசாரிக்கிறார். கடனும் ஒருவாறு அடைந்துவிட்டது.

சென்ற மாதம் நம் மன்றக் கூட்டத்தில், நோயாளிகளின் வழிச்செலவுக்கு நிதி திரட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது, நண்பர் ஒருவர் எழுந்து மறுத்தார். மருத்துவம் அரசின் கடமை. மாணவர்கள் உண்டியல் குலுக்கினால் அரசு தன் கடமையிலிருந்து நழுவிக்கொள்ளும். உரிமையைப் பிச்சையாக்கலாகாது என்றார். கைதட்டலும் கிடைத்தது. நல்ல வாதந்தான், நான் அதை மதிக்கிறேன். ஆனால் அம்மையாரின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அது பாதி வாதம். சட்டமன்றத்தில் அமர்ந்து உரிமை கேட்டவரும் அவர்தான்; மக்களிடம் சென்று நன்கொடை கேட்டவரும் அவர்தான். பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சட்டம் முழுதும் தடுக்க இருபது ஆண்டுகள் ஆயின. அதுவரை வந்த பெண்களைச் சட்டம் வரட்டும் என்று வாசலில் நிறுத்தி வைக்கவில்லை. தம் வீட்டுக்குள் அழைத்துச் சோறிட்டார். தீவுகளிலேயே முழுமையான புற்றுநோய் மருத்துவம் வேண்டும் என்று நாம் மனுக் கொடுப்போம். கையெழுத்து வாங்குவதில் நானே முன்னிற்கிறேன். அடுத்த வாரக் கப்பலில் போகிறவருக்கு அந்த மனு டிக்கெட் ஆகாது.

1956-இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ஆம் நாள், எண்பத்தோராம் வயதில் மறைந்தார். மருத்துவமனையை மகனும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தனர். 2005-இல் மகசேசே விருது பெற்ற சாந்தா அம்மையார், மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து, 2021 ஜனவரியில் காலமானார். பன்னிரண்டு படுக்கைகள் பல நூறாயின. ஆராய்ச்சிக்கூடமும் கல்லூரியும் எழுந்தன. மாதர் சங்கத்தின் பெயர் இன்றும் நிறுவனத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நிதியைப் பற்றி மன்றம் முடிவெடுக்கட்டும். அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். இத்தீவுகளிலிருந்து சென்னைக்குப் போகும் நோயாளிகளெல்லாம் தமிழர் அல்லர். வங்காளியர் உண்டு, தெலுங்கர் உண்டு, ராஞ்சியிலிருந்து வந்து குடியேறியவர் உண்டு, நிக்கோபாரியர் உண்டு. இங்கே இந்தியில் பேசிப் பழகிய அவர்கள், சென்னையில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் வழி கேட்கவும், சீட்டு எழுதும் இடத்தில் பெயர் சொல்லவும், மருந்துக் கடையில் வேளை கேட்கவும் திகைக்கிறார்கள். நமக்கோ இரண்டு மொழியும் தெரியும். விடுமுறைக்கு ஒவ்வோர் ஆண்டும் நம்மில் சிலர் அதே கப்பலில்தான் ஊருக்குப் போகிறோம். பயணத் தேதியும் சென்னையில் தங்கும் நாட்களும் எழுதிக் கொடுக்க விரும்புவோர்க்காக மன்ற அறையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். போகிறவரிடம் பழைய பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும், சதைப் பரிசோதனை செய்த கண்ணாடித் தகடுகளையும் மறவாமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவற்றை இங்கேயே விட்டுவிட்டுப் போனால் அங்கே மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். குறிப்பேட்டில் இதுவரை நான்கு பெயர்கள் இருக்கின்றன.